குழந்தைகளின் கடும் வைரஸ் நிமோனியா: எதிர்ப்பு சக்தியை அடக்குவதா, ஏற்றுவதா?

மூச்சுக்கணக்கு:
வார்டில் யாராவது "சைட்டோகைன் புயல்" (அழற்சிப் புரதங்கள் கட்டுமீறிச் சுரப்பது) என்று சொன்னால் போதும், அடுத்த நிமிடம் எதிர்ப்பு சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு எழுதியாகிவிடுகிறது. எந்த வைரஸ், காய்ச்சல் தொடங்கி எத்தனையாவது நாள், வெள்ளையணு எப்படி இருக்கிறது என்ற கேள்விகள் அதற்குப் பிறகுதான் வருகின்றன. அதற்காகவே இந்த இழை.

கணக்குக்கு ஒரு குழந்தையை வைத்துக்கொள்வோம். 4 வயது, 18 கிலோ. ஹை ஃப்ளோ ஆக்சிஜனில் (மூக்கு வழியே அதிவேகமாகச் செலுத்துவது) இருக்கிறது. எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் வெள்ளை. பிசிஆரில் ஒரு வைரஸ் வந்திருக்கிறது. வைரஸின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் உங்கள் மருந்துச்சீட்டு எப்படி மாறும்? அளவோடு எழுதுங்கள். "நிபுணரைக் கேட்கவும்" என்ற பதில் வேண்டாம், கேட்க வேண்டியவர்கள் இங்கேதான் இருக்கிறீர்கள்.

பெற்றோர் யாராவது படித்தால்: இவை அனைத்தும் ஐசியுவில் மானிட்டர் போட்டுக் கொடுப்பவை. வீட்டுக்கானது இதில் ஒன்றுகூட இல்லை.

ஐசியு_விளக்கு:
ஆர்எஸ்வியில் (சிறு குழந்தைகளின் மூச்சுச் சிறுகுழாய்களைத் தாக்கும் வைரஸ்) ஆரம்பிக்கிறேன், அதுதான் எளிது. என் சீட்டில் எதிர்ப்பு சக்தி மருந்து எதுவும் இருக்காது. மூச்சுச் சிறுகுழாய்க்குள் உதிர்ந்த செல்லும் சளியும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுவும் சேர்ந்து அடைத்துக்கொள்கின்றன. காற்று உள்ளே போகிறது, வெளியே வர மாட்டேன் என்கிறது. ஸ்டீராய்டு அந்த அடைப்பைக் கரைக்காது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2014 வழிகாட்டி, மூச்சுச் சிறுகுழாய் அழற்சிக்கு ஸ்டீராய்டும் வேண்டாம், மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஆனால் அது 1 முதல் 23 மாதம் வரையான குழந்தைகளுக்கு. நம் கணக்குக் குழந்தைக்கு 4 வயது. ஆர்எஸ்வியோடு முன்பே ஆஸ்துமா இருந்து வீசிங் வந்தால் ஆஸ்துமாவுக்கான ஸ்டீராய்டு உண்டு. அது வைரஸுக்காகக் கொடுப்பதில்லை, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கோவிட் என்றால் டெக்சாமெத்தசோன் (சுருக்கமாக டெக்சா, ஒரு ஸ்டீராய்டு) கிலோவுக்கு 0.15 மி.கி., நாளைக்கு ஒரு வேளை, உச்ச அளவு 6 மி.கி., அதிகபட்சம் 10 நாள். 18 கிலோவுக்கு 2.7 மி.கி. ஹை ஃப்ளோ, சிபாப் (முகமூடி வழி அழுத்தக் காற்று), வென்டிலேட்டர் என்று போனவர்களுக்குத்தான். மூக்குக் குழாயில் 1 லிட்டர் ஆக்சிஜனோடு சமாளிக்கும் குழந்தைக்கு நான் எழுதுவதில்லை.

காரணம் 2020-இல் வந்த ரெக்கவரி என்ற கோவிட் மருந்து ஆய்வின் மூன்று வரி. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாள் இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3-க்கு இறங்கியது. ஆக்சிஜன் மட்டும் வாங்கியவர்களில் 26.2-லிருந்து 23.3. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களில் வழக்கமான சிகிச்சையில் 14.0, டெக்சாவில் 17.8. அந்தக் கடைசி வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம், ஆனால் பலன் இருந்ததற்கான அறிகுறி துளியும் இல்லை. பெரியவர்களிடம் எடுத்த கணக்கு என்பது தெரியும். ஒரே மருந்து, ஒரே அளவு, நோயின் கட்டம் மட்டும் வேறு: பார்க்க வேண்டியது அதைத்தான்.

இன்ஃப்ளூயன்சா என்றால் முதலில் வைரஸ் எதிர்ப்பு மருந்தான ஓசெல்டமிவிர். 18 கிலோவுக்கு 45 மி.கி. இரு வேளை, 5 நாள். பிசிஆர் முடிவுக்காகக் காத்திருக்காமல் ஆரம்பித்துவிடுவேன். ஸ்டீராய்டு கிடையாது. ஆஸ்துமா மோசமாவது, அட்ரினலின் வகை மருந்துகளுக்கும் ஏறாத ரத்த அழுத்தம், இரண்டும் விதிவிலக்கு.

மருந்துமேசை:
டெக்சா ஆம்பியூலில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. சில லேபிளில் 4 மி.கி./மி.லி. என்று இருப்பது டெக்சாமெத்தசோன் பாஸ்பேட் உப்பின் எடை. உள்ளே இருக்கும் டெக்சாமெத்தசோன் 3.3 மி.கி.தான். சில தயாரிப்புகள் 3.3 என்றே அச்சிடுகின்றன. 2.7 மி.கி.க்கு முதல் கணக்கில் 0.68 மி.லி., இரண்டாவதில் 0.82 மி.லி. வித்தியாசம் ஏறக்குறைய 20 சதவீதம்தான், குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் ஒரு ஷிப்ட் 0.68, அடுத்த ஷிப்ட் 0.82 என்று சார்ட்டில் ஏறினால் யாரோ ஒருவர் "டோஸ் கூட்டியிருக்கிறார்கள்" என்று படிப்பார். மருந்துச்சீட்டில் மி.கி. எழுதும்போதே எந்த ஆம்பியூல் என்றும் எழுதிவிடுங்கள்.

மூச்சுக்கணக்கு:
@ஐசியு_விளக்கு டாக்டர், இன்ஃப்ளூயன்சாவில் ஸ்டீராய்டு கொடுத்தவர்களில் இறப்பு அதிகம் என்கிறார்கள். ஆனால் அதெல்லாம் பின்னோக்கிப் பார்த்த ஆய்வுகள். மோசமானவர்களுக்குத்தானே ஸ்டீராய்டு கொடுத்திருப்பார்கள்? பழி ஸ்டீராய்டின் தலையில் விழுந்திருக்கலாம் இல்லையா?

ஐசியு_விளக்கு:
விழுந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆய்வுகளில் இறப்போடு இன்னொன்றும் சேர்ந்தே வந்தது: பின்னால் வரும் பாக்டீரியா, பூஞ்சைத் தொற்று. இன்ஃப்ளூயன்சா மூச்சுக்குழாயின் உள் தோலை உரித்துவிடுகிறது. அந்தப் புண்ணில் ஸ்டாஃபிலோகாக்கஸும் ஆஸ்பெர்ஜில்லஸும் உட்காருகின்றன. அங்கே காவல் நிற்கும் மேக்ரோஃபேஜ் என்ற கிருமி விழுங்கும் செல்லைத்தான் ஸ்டீராய்டு தூங்க வைக்கிறது. வெள்ளையணு சார் இதற்கு மேல் சொல்லட்டும்.

வெள்ளையணு:
சொல்கிறேன். தலைப்பில் இருக்கும் கேள்வியும் இதுதான்.

வைரஸ் நிமோனியாவில் மோசமாகும் குழந்தைகளை நான் மூன்று கூட்டமாகப் பார்ப்பேன். முதல் கூட்டத்தில் இன்டர்ஃபெரான் (வைரஸைத் தடுக்க உடல் சுரக்கும் புரதம்) வர வேண்டிய நேரத்தில் வரவில்லை, அதனால் வைரஸ் தடையில்லாமல் பெருகிவிட்டது. இரண்டாவதில் வைரஸ் அடங்கி வருகிறது, அழற்சி மட்டும் அடங்கவில்லை. மூன்றாவதில் அழற்சி தன்னைத்தானே அளவுக்கு மீறி அணைத்துக்கொண்டு மோனோசைட் என்ற வெள்ளையணுக்கள் செயலிழந்து கிடக்கின்றன. இதை எதிர்ப்பு முடக்கம் என்கிறோம். மூன்றுக்கும் எக்ஸ்ரே ஒன்று போலவே இருக்கும். மூன்றாவது கூட்டத்துக்கு ஸ்டீராய்டு கொடுப்பது விழுந்து கிடப்பவரின் மேல் ஏறி மிதிப்பது.

2013-இல் வந்த பலமைய ஆய்வில், இன்ஃப்ளூயன்சாவோடு ஐசியுவில் இருந்த குழந்தைகளின் ரத்தத்தை எண்டோடாக்சினோடு (பாக்டீரியா நச்சு) கலந்து, டிஎன்எஃப் ஆல்ஃபா என்ற அழற்சிப் புரதம் எவ்வளவு சுரக்கிறது என்று பார்த்தார்கள். இறந்தவர்களின் ரத்தம் பிழைத்தவர்களுடையதை விடக் குறைவாகச் சுரந்தது. ரத்தத்தில் மிதக்கும் சைட்டோகைன் அளவு அதிகம், புதிதாகச் சுரக்கும் திறன் குறைவு. இரண்டும் ஒரே குழந்தையில், ஒரே நேரத்தில் இருக்கலாம். "புயல்" என்ற சொல் இதை மறைத்துவிடுகிறது. அதனால்தான் எனக்கு அந்தச் சொல்லே பிடிப்பதில்லை.

வார்டில் இதற்குக் கைக்கு எட்டும் சோதனை மோனோசைட் எச்எல்ஏ-டிஆர், அந்த அணு விழித்திருப்பதைக் காட்டும் மேற்பரப்புப் புரதம். 30 சதவீதத்துக்குக் கீழே, அல்லது செல்லுக்கு ஒட்டும் ஆன்டிபாடி 8000-க்குக் கீழே என்றால் முடக்கம். டிஎன்எஃப் சுரப்பு சோதனையில் 200 பிகோகிராம்/மி.லி.க்குக் கீழே. அப்படிப்பட்டவர்களுக்கு ஜிஎம்-சிஎஸ்எஃப் (வெள்ளையணுக்களைத் தூண்டும் புரதம்) கொடுத்து மோனோசைட்டை எழுப்பும் முயற்சி குழந்தைகளில் ஆய்வு நிலையில் இருக்கிறது. அளவு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 125 மைக்ரோகிராம், 7 நாள். 18 கிலோவுக்கு உடற்பரப்பு ஏறக்குறைய 0.73, ஆக 91 மைக்ரோகிராம். வழக்கமான சிகிச்சையாக இதை யாரும் எழுதக் கூடாது, ஆய்வுக்குள் மட்டும்.

சோதனைக்குழாய்:
எச்எல்ஏ-டிஆர் அனுப்புகிறவர்களுக்கு: இடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும்) குழாய், எடுத்த கையோடு 4 டிகிரி குளிரில், சாயமேற்ற 4 மணி நேரத்துக்குள் எங்களிடம் வந்துவிட வேண்டும். அறை வெப்பத்தில் கிடந்தால் மோனோசைட்டின் மேல் எச்எல்ஏ-டிஆர் தானாகவே கூடும். முடங்கிய குழந்தை "இயல்பு" என்று அறிக்கையில் வந்துவிடும். ராத்திரி 11 மணிக்கு எடுத்துக் காலை 8 மணிக்கு வரும் குழாயை நாங்கள் திருப்பி அனுப்புவது திமிர் என்று நினைக்க வேண்டாம்.

இரவுப்பணி_செவிலி:
ராத்திரி எடுக்கவே வேண்டாம் என்று ஆர்டரில் எழுதுங்கள் சார், குத்துவது நாங்கள்தான் 🙂

மூச்சுக்கணக்கு:
இரண்டாவது கூட்டத்துக்கு வருவோம். கோவிட், டெக்சா ஆரம்பித்து 48 மணி நேரமாகியும் ஆக்சிஜன் தேவை ஏறுகிறது, அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனையான சிஆர்பி 110. பெரியவர்களுக்கு உள்ள கிலோவுக்கு 8 மி.கி. கணக்கில் 144 மி.கி. டோசிலிசுமாப் (ஐஎல்-6 என்ற அழற்சிப் புரதத்தின் ஏற்பியை அடைக்கும் மருந்து) போடலாமா? இல்லை, அழற்சிச் சமிக்ஞையைத் தடுக்கும் மாத்திரையான பாரிசிட்டினிபா?

மருந்துமேசை:
முதலில் அளவு. அமெரிக்காவின் கோவிட் அவசர அனுமதியில் இருந்தபடி, 2 வயதுக்கு மேல், 30 கிலோவும் அதற்கு மேலும் என்றால் கிலோவுக்கு 8 மி.கி., 30-க்குக் கீழே என்றால் 12 மி.கி. சிறு குழந்தைகள் எடைக்கு ஒப்பிட்டால் மருந்தை வேகமாக வெளியேற்றுகிறார்கள், அதனால் கூடுதல். 18 × 12 = 216 மி.கி. 144 போட்டால் மூன்றில் ஒரு பங்கு குறைவு.

குப்பியில் 20 மி.கி./மி.லி., ஆக 10.8 மி.லி. 30 கிலோவுக்குக் கீழே 50 மி.லி. சலைன் பை, மேலே 100 மி.லி. பையிலிருந்து 10.8 மி.லி. சலைனை உறிஞ்சி வெளியே கொட்டிவிட்டு, அதே அளவு மருந்தை மெதுவாக உள்ளே விட வேண்டும். குலுக்கக் கூடாது, தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்குங்கள், நுரை வந்தால் புரதம் வீணாகும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பை அறை வெப்பத்துக்கு வந்த பிறகு 60 நிமிடத்தில் ஓட்டுங்கள். அந்த லைனில் வேறு மருந்து கூடாது. இன்னொரு டோஸ் தேவைப்பட்டால் குறைந்தது 8 மணி நேரம் கழித்து.

நியூட்ரோஃபில் 1000-க்குக் கீழே, பிளேட்லெட் 50,000-க்குக் கீழே, கல்லீரல் என்சைம் இயல்பின் உச்சத்தைப் போல 10 மடங்குக்கு மேல்: இதில் ஒன்று இருந்தாலும் பை கலக்க மாட்டேன்.

சிஆர்பி 110 என்றீர்கள், அலகு எழுதவில்லை. ரெக்கவரியில் டோசிலிசுமாப் சோதனைக்கு எடுத்த வரம்பு லிட்டருக்கு 75 மி.கி. சில ஆய்வகம் டெசிலிட்டரில் கொடுக்கும். அங்கே 75 என்பது 7.5 ஆக வரும். "7.5 தானே, ஒன்றுமில்லை" என்று விட்டுவிடுவதும் நடக்கிறது. இரண்டு மருத்துவமனைக்கு இடையே மாற்றலாகி வரும் குழந்தைகளில் இதை முதலில் பாருங்கள்.

ஐசியு_விளக்கு:
அளவு சரி. ஆனால் கொடுப்பதற்கு முன் 48 மணி நேரத்தில் ஏன் மோசமானது என்று கேளுங்கள். 4 வயதில் கோவிட் நிமோனியா இவ்வளவு தூரம் போவதே அபூர்வம். பாக்டீரியா சேர்ந்துவிட்டதா, சளி அடைத்து ஒரு பக்கம் சுருங்கிவிட்டதா, நீர் கூடுதலாக ஏற்றிவிட்டோமா? இந்த மூன்றையும் ஒதுக்கிய பிறகுதான் மருந்து.

டோசிலிசுமாப் போட்ட பிறகு பெரிய சிக்கல், நமக்குக் கண் தெரியாமல் போகிறது. கல்லீரல் சிஆர்பி செய்வது ஐஎல்-6 சொல்லித்தான். அந்த வழியை அடைத்ததும் குழந்தை எப்படி இருந்தாலும் சிஆர்பி விழும். காய்ச்சலும் அடங்கும். ஏழாம் நாள் சென்ட்ரல் லைனில் தொற்று வந்தால் சிஆர்பி 3 என்று சிரித்துக்கொண்டிருக்கும். துடிப்பு ஏறுகிறதா, கை கால் சில்லிடுகிறதா, பால் செரிக்கிறதா, பிளேட்லெட் இறங்குகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்ததும் கல்ச்சர்.

சோதனைக்குழாய்:
டோசிலிசுமாபுக்குப் பிறகு ஐஎல்-6 அளவும் அனுப்பாதீர்கள். ஏற்பி அடைபட்டதால் ஐஎல்-6 போக இடமில்லாமல் ரத்தத்தில் தேங்கி ஏறும். "மருந்து கேட்கவில்லை, இன்னும் ஏறிவிட்டது" என்று இரண்டாவது டோஸ் எழுதிவிடுவார்கள்.

மருந்துமேசை:
பாரிசிட்டினிப் பற்றிக் கேட்டிருந்தார். கோவிட் அவசர அனுமதியில் 2 முதல் 9 வயதுக்குள் 2 மி.கி., 9-உம் அதற்கு மேலும் 4 மி.கி., நாளைக்கு ஒரு வேளை, 14 நாள் அல்லது டிஸ்சார்ஜ் வரை. சிறுநீரக வடிகட்டல் 30 முதல் 60-க்குள் என்றால் பாதி. 30-க்குக் கீழே நம் 4 வயதுக் குழந்தைக்குக் கிடையாது. டோசிலிசுமாபும் இதுவும் சேர்த்து வேண்டாம், ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

எனக்குப் பாரிசிட்டினிபில் பிடித்தது நிறுத்த முடியும் என்பது. தொற்று வந்தால் மாத்திரையை நிறுத்துங்கள், இரண்டொரு நாளில் உடம்பை விட்டுப் போய்விடும். டோசிலிசுமாபின் வேலை வாரக்கணக்கில் நிற்கும், திரும்ப எடுக்க வழியில்லை. எதிர்ப்பக்கம்: குடல் வேலை செய்யாத குழந்தைக்கு மாத்திரை உள்ளே போகிறதா என்பதே சந்தேகம், ரத்தக்கட்டி அபாயமும் உண்டு. புரோபெனசிட் கூட ஓடினால் இதன் அளவைப் பாதியாக்க வேண்டும். சிடோஃபோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தோடு சிறுநீரகத்தைக் காக்கப் புரோபெனசிட் கொடுப்பது வழக்கம் என்பதால் சொல்கிறேன்.

இரவுப்பணி_செவிலி:
மூக்கு வழியே வயிற்றுக்குப் போகும் குழாயில் பாரிசிட்டினிப் கொடுப்பது எழுதுவது போல எளிது இல்லை. மாத்திரையைத் தண்ணீரில் போட்டுக் கரைய விட்டு, சிரிஞ்சில் எடுத்தால் துகள் அடியில் உட்கார்ந்துவிடும். குழாயின் பருமன் 12 ஃபிரெஞ்சுக்குக் குறைவு என்றால் சிரிஞ்சைக் கிடைமட்டமாகப் பிடித்து ஆட்டிக்கொண்டே தள்ளுங்கள். நிமிர்த்திப் பிடித்தால் துகளெல்லாம் நுனியில் சேர்ந்து குழாய் அடைக்கும். பிறகு கரைத்த கோப்பையில் மறுபடி தண்ணீர் ஊற்றிச் சுழற்றி அதையும் கொடுக்க வேண்டும். பாதி மருந்து கோப்பையின் ஓரத்தில்தான் ஒட்டியிருக்கும். கரைத்து 4 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடுங்கள். தண்ணீர் அளவையும் வரவு செலவுக் கணக்கில் எழுதுங்கள்.

வெள்ளையணு:
டோசிலிசுமாப், பாரிசிட்டினிப் இரண்டிலும் குழந்தைகளுக்கான ஆதாரம் பெரும்பாலும் பெரியவர்களிடமிருந்து கடன் வாங்கியது என்பதை மறக்க வேண்டாம். சிஆர்பி 75 வரம்பும் அப்படித்தான். அடினோவைரஸில் அந்த வரம்பு ஒன்றுக்கும் உதவாது. அங்கே சிஆர்பி 100 தாண்டுவது சர்வசாதாரணம், வைரஸ் இன்னும் பெருகிக்கொண்டிருக்கும்.

மூச்சுக்கணக்கு:
அடினோவைரஸில் என்ன செய்வீர்கள்? அதில்தான் எல்லோருக்கும் கை பரபரக்கிறது. ஐவிஐஜி (தானம் தந்தவர்களின் ஆன்டிபாடியை நரம்பில் ஏற்றுவது), ஸ்டீராய்டு, சிடோஃபோவிர் மூன்றும் ஒரே நாளில் ஏறுவதைப் பார்க்கிறோம்.

ஐசியு_விளக்கு:
உறுதியான சோதனை எதுவும் இல்லாத இடம் அது. எதிர்ப்பு சக்தி சரியாக உள்ள குழந்தைக்கு முதலில் தாங்கு சிகிச்சைதான். எலும்பு மஜ்ஜை மாற்று, டி செல் (வைரஸை அழிக்கும் வெள்ளையணு) குறைபாடு போன்றவர்களுக்குச் சிடோஃபோவிர்: வாரம் ஒரு முறை கிலோவுக்கு 5 மி.கி., அல்லது சிறுநீரகம் தாங்காது என்று பயந்தால் 1 மி.கி. வாரம் மூன்று முறை. முன்னும் பின்னும் சலைன், புரோபெனசிட், ஒவ்வொரு டோஸுக்கும் முன் கிரியேட்டினினும் சிறுநீரில் புரதமும். வைரஸுக்கென்றே வளர்த்த டி செல்களை ஏற்றுவது இந்தக் கூட்டத்துக்கு அறிவுப்பூர்வமான வழி, கிடைக்கும் இடங்கள்தான் குறைவு. அந்தச் செல்களை ஏற்றும்போது ஸ்டீராய்டு அளவு கூடுதலாக ஓடிக்கொண்டிருந்தால் ஏற்றியதெல்லாம் செத்துப்போகும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிக்கிற வேலை.

அடினோவைரஸில் 7-ஆம் வகை வந்தால் பிழைத்த பிறகும் தொடருங்கள். மூச்சு வாங்குவதும் வீசிங்கும் வாரக்கணக்கில் போகாமல் இருந்தால் மூச்சுச் சிறுகுழாய்கள் தழும்பாகி மூடிக்கொண்டிருக்கலாம். அதுவும் எதிர்ப்பு சக்தி விட்டுப்போகும் வேலைதான்.

வெள்ளையணு:
ஃபெரிட்டின் (அழற்சியில் ஏறும் இரும்புச் சேமிப்புப் புரதம்) பற்றி யாரும் பேசவில்லையே. எந்த வைரஸாக இருந்தாலும், ஐந்தாறு நாளாகக் காய்ச்சல் விடவில்லை, மண்ணீரல் தட்டுப்படுகிறது, இரண்டு வகை ரத்த அணுக்கள் இறங்குகின்றன என்றால் எச்எல்எச் (எதிர்ப்பு செல்கள் கட்டுமீறி உடலின் ரத்த அணுக்களையே விழுங்கும் நோய்) தேடுங்கள். 2004 அளவுகோலில் எட்டில் ஐந்து வேண்டும். ஃபெரிட்டின் 500-க்கு மேல், ட்ரைகிளிசரைடு 265-க்கு மேல் அல்லது ஃபைப்ரினோஜன் (ரத்தத்தை உறைய வைக்கும் புரதம்) 150-க்குக் கீழே, கரையும் சிடி25 2400-க்கு மேல் என்று போகும். ஃபெரிட்டின் 500 என்பது ஐசியுவில் சாதாரணம், அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். 10,000 தாண்டினால் குழந்தைகளில் வேறு காரணம் சொல்வது கடினம்.

ஒரு சின்ன தடயம்: நேற்று 80 இருந்த இஎஸ்ஆர் (சிவப்பணு படியும் வேகம்) இன்று 12, ஆனால் குழந்தை மோசம். சந்தோஷப்படாதீர்கள். இஎஸ்ஆரை ஏற்றுவது ஃபைப்ரினோஜன். அது தீர்ந்துபோனால் இஎஸ்ஆர் விழும். அதே ரத்தத்தில் ஃபெரிட்டின் அனுப்பிப் பாருங்கள், ஏறியிருக்கும்.

முழு எச்எல்எச் என்றால் டெக்சா சதுர மீட்டருக்கு 10 மி.கி. நம் குழந்தைக்கு 7.3 மி.கி., அதாவது கோவிட் அளவைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. "டெக்சா ஏற்கெனவே ஓடுகிறதே" என்பது பதில் ஆகாது. இன்னும் முழுதாக வரவில்லை, ஆனால் அந்தப் பக்கம் சாய்கிறது என்றால் நான் ஐஎல்-1 என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் அனகின்ராவில் ஆரம்பிப்பேன்.

மருந்துமேசை:
அனகின்ரா கணக்கு: கிலோவுக்கு நாளொன்றுக்கு 4 மி.கி. என்று தொடங்கினால் 72 மி.கி., இரு வேளையாகப் பிரித்தால் 36. சிரிஞ்சில் 0.67 மி.லி.யில் 100 மி.கி., ஆக ஒரு வேளைக்கு 0.24 மி.லி. தோலுக்கடியில். எரிச்சல் அதிகம், வெளியே எடுத்து அரை மணி வைத்துப் போட்டால் குறையும். அரை ஆயுள் 4 முதல் 6 மணி நேரம். தவறு என்று தெரிந்தால் இரவு நிறுத்தி, காலையில் மருந்து இல்லாத குழந்தையைப் பார்க்கலாம். ஐசியுவுக்கு இதைவிடத் தோதான குணம் இல்லை. கிரியேட்டினின் வெளியேற்றம் 30-க்குக் கீழே போனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று யோசியுங்கள்.

மூச்சுக்கணக்கு:
கோவிட் வந்து ஒரு மாதம் கழித்து வரும் எம்ஐஎஸ்-சி (குழந்தைகளில் பல உறுப்புகளைத் தாக்கும் அழற்சி)? அதையும் நிமோனியா என்று அனுப்புகிறார்கள்.

ஐசியு_விளக்கு:
தொற்றுக்கு 2 முதல் 6 வாரம் கழித்து வரும். மூச்சு வாங்குவது பல நேரம் நுரையீரலால் இல்லை, இதயம் தளர்ந்து நீர் கோத்திருக்கும். வயிற்றுவலி, சிவந்த கண், தோல் தடிப்பு சேர்ந்திருந்தால் எக்கோ பாருங்கள். பார்க்காமல் ஐவிஐஜி ஓட்டாதீர்கள்.

கிலோவுக்கு 2 கிராம், ஆக 36 கிராம். 10 சதவீதக் கரைசலில் 360 மி.லி. தளர்ந்த இதயத்துக்கு அது சாதாரண அளவு இல்லை. இயக்கம் குறைந்திருந்தால் 18 கிராம் வீதம் இரண்டு நாள். கூடவே ஸ்டீராய்டான மெத்தில்பிரட்னிசோலோன் கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி. கேட்கவில்லை என்றால் அடுத்தது கிலோவுக்கு 10 முதல் 30 மி.கி. பல்ஸ் (குறுகிய நாளுக்குப் பெரிய அளவு), அல்லது அனகின்ரா, அல்லது டிஎன்எஃப்-ஐத் தடுக்கும் இன்ஃப்ளிக்சிமாப். ஸ்டீராய்டை நிறுத்தும்போது இரண்டு மூன்று வாரமாக இறக்குங்கள், சட்டென்று நிறுத்தினால் காய்ச்சல் திரும்பி வரும்.

இரவுப்பணி_செவிலி:
ஐவிஐஜி ஓட்டும் வேகம்: 18 கிலோவுக்கு மணிக்கு 9 மி.லி. அரை மணி, 18 மி.லி. அரை மணி, பிறகு 36. ஒட்டுமொத்தம் பத்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒவ்வொரு வேகம் மாற்றும் முன்னும் துடிப்பு, அழுத்தம், வெப்பம். நடுக்கம் வந்தால் நிறுத்துங்கள், அடங்கிய பிறகு முந்தைய வேகத்தில் தொடருங்கள். மறுநாள் தலைவலி, கழுத்து இறுக்கம் என்றால் மூளைக்காய்ச்சல் என்று பயப்படும் முன் ஐவிஐஜி ஓடியதைச் சொல்லுங்கள். மூன்று நான்கு நாளில் ஹீமோகுளோபின் இறங்கினால் ரத்த வகை ஏ, பி, ஏபி-யா என்று பாருங்கள், அணுக்கள் உடைகின்றன.

மூச்சுக்கணக்கு:
முதல் கூட்டம் பாக்கி. இன்டர்ஃபெரான் வராதவர்கள்.

வெள்ளையணு:
யாரைச் சந்தேகிப்பது என்று முதலில். ஆரோக்கியமாக இருந்த குழந்தை சாதாரண வைரஸுக்கு வென்டிலேட்டர் வரை போனால், அதுவும் இரண்டாவது முறை போனால், இன்டர்ஃபெரான் வழியில் பிறவிக் குறை தேடுங்கள். ஐஆர்எஃப்7 என்ற ஜீனின் குறையால் கடும் இன்ஃப்ளூயன்சா வந்ததை 2015-இல் காட்டினார்கள். வைரஸை உணரும் எம்டிஏ5 புரதத்தின் குறையில் ரைனோவைரஸ், ஆர்எஸ்வி. கோவிட் நிமோனியாவோடு சேர்க்கப்பட்ட 112 குழந்தைகளைப் பார்த்த 2022 ஆய்வில் ஏறக்குறைய 10 சதவீதத்தினரிடம் இந்த வழியில் மரபுக் குறை இருந்தது. ஜீன் நன்றாக இருந்து, இன்டர்ஃபெரானுக்கு எதிராக ஆன்டிபாடி இருப்பவர்களும் உண்டு.

சரி, இன்டர்ஃபெரான் குறைவு என்றால் ஊசியில் கொடுத்தால் ஆயிற்றே என்று தோன்றும். இரண்டு முட்டுக்கட்டை. நாள் தாண்டிவிட்டால் கெடுதல்: ஆக்ட்-3 என்ற கோவிட் சோதனையில் இன்டர்ஃபெரான் பீட்டா பெரியவர்களுக்குப் பலன் தரவில்லை, ஹை ஃப்ளோவில் இருந்தவர்களுக்குப் பாதகம் கூடியது. மற்றது, ஏற்பியே இல்லாத ஐஎஃப்என்ஏஆர் குறையில் எவ்வளவு ஊற்றினாலும் கதவு இல்லாத வீட்டைத் தட்டுவதுதான். அந்தக் குழந்தைகளுக்கு எம்எம்ஆர் போன்ற உயிருள்ள தடுப்பூசியே உயிருக்கு ஆபத்து. தம்பி தங்கை இருந்தால் ஊசி போடும் முன் சொல்லிவிடுங்கள்.

கைக்குழந்தை என்றால் விலை குறைந்த சோதனை ஒன்று இருக்கிறது, ஆனால் பலர் தாண்டிப் போகிறார்கள். 5 மாதக் குழந்தைக்கு லிம்போசைட் எண்ணிக்கை 1500. பெரியவரின் அளவில் இயல்பு, ஆய்வக அறிக்கையில் சிவப்பு வராது. அந்த வயதில் 2500-3000-க்குக் கீழே போனாலே எஸ்சிஐடி (பிறவியிலேயே எதிர்ப்பு சக்தி இல்லாத நோய்) நினைக்க வேண்டும். ஸ்டீராய்டும் லிம்போசைட்டைக் குறைக்கும், அதனால் ஸ்டீராய்டுக்கு முந்தைய எண்ணிக்கையைத் தேடி எடுங்கள். அப்படிப்பட்ட குழந்தைக்கு ரத்தம் ஏற்றினால் கதிரூட்டிய ரத்தம் மட்டும்.

தட்டம்மை நிமோனியாவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வைட்டமின் ஏ இரண்டு நாள்: 6 மாதத்துக்குக் கீழே 50,000 யூனிட், 6 முதல் 11 மாதம் 1,00,000, அதற்கு மேல் 2,00,000. டி செல் குறைந்த குழந்தைக்குத் தடிப்பே இல்லாமல் தட்டம்மை நிமோனியா வரும்.

மூச்சுக்கணக்கு:
நிர்செவிமாப் (ஆர்எஸ்வி வராமல் தடுக்கும் ஆன்டிபாடி ஊசி) பற்றியும் ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். ஆர்எஸ்வியோடு வென்டிலேட்டரில் இருக்கும் 3 மாதக் குழந்தைக்குப் போடலாமா என்று.

ஐசியு_விளக்கு:
வேண்டாம். செல்லுக்குள் நுழையும் முன் வைரஸின் எஃப் புரதத்தைப் பிடிப்பது அதன் வேலை. வென்டிலேட்டர் நிலைக்கு வரும்போது நுழைந்து, பெருகி, சேதமும் முடிந்துவிட்டது. இதே வகை ஆன்டிபாடியான மோட்டாவிசுமாபை மருத்துவமனையில் சேர்ந்த கைக்குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் இல்லை. வராமல் தடுக்க என்றால் பிரமாதமான மருந்து: 5 கிலோவுக்குக் கீழே 50 மி.கி., 5-உம் அதற்கு மேலும் 100 மி.கி., தொடையில் ஒரே ஊசி, ஒரு சீசன் முழுக்க. இதற்கு முன் பாலிவிசுமாபை மாதாமாதம் கிலோவுக்கு 15 மி.கி. குத்திக்கொண்டிருந்தோம்.

மருந்துமேசை:
நிர்செவிமாபை ஐவிஐஜியோடு குழப்பிக்கொண்டு "ஆன்டிபாடிதானே, தடுப்பூசியைத் தள்ளிப்போடணுமா" என்று கேட்கிறார்கள். நிர்செவிமாபுக்கு எந்த இடைவெளியும் வேண்டாம், மற்ற ஊசிகளோடு அன்றே போடலாம். ஐவிஐஜி கிலோவுக்கு 2 கிராம் ஓடியிருந்தால் எம்எம்ஆரும் சின்னம்மை ஊசியும் 11 மாதம் தள்ளி. பிரட்னிசோலோன் கணக்கில் கிலோவுக்கு 2 மி.கி.க்குக் குறையாமல் 14 நாள் ஓடியிருந்தால், நிறுத்தி ஒரு மாதம் கழித்துத்தான் உயிருள்ள தடுப்பூசி. டிஸ்சார்ஜ் தாளில் "தடுப்பூசி வழக்கம்போல்" என்று அச்சாகி வரும் வரியை அடித்துவிட்டுத் தேதியைக் கையால் எழுதுங்கள்.

சோதனைக்குழாய்:
ஐவிஐஜி தொங்கவிடும் முன் சிவப்பு மூடிக் குழாயில் 3 மி.லி. ரத்தம் தனியாக எடுத்துச் சீரம் பிரித்து ஃப்ரீசரில் போடச் சொல்லுங்கள். கோவிட் ஆன்டிபாடி, இன்டர்ஃபெரான் ஆன்டிபாடி, இம்யூனோகுளோபுலின் அளவு எது பிறகு வேண்டுமானாலும் அதிலிருந்து செய்யலாம். ஓடிய பிறகு எடுத்தால் நாங்கள் அளப்பது ஆயிரக்கணக்கான ரத்த தானக்காரர்களின் ஆன்டிபாடியை, குழந்தையுடையதை அல்ல. குழாயின் மேல் எடுத்த நேரமும் எழுதுங்கள். "காலை" என்று எழுதாதீர்கள், 6.40 என்று எழுதுங்கள்.